கடல் எடுத்துக்கொண்ட வலை

வலைக்குவியலைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டதும் அவளைத் திடுக்கிட வைத்தது நாற்றம் அல்ல. உள்ளே எங்கோ ஏதோ ஒன்று மூச்சு விட்டது. வேலை முடிந்து வந்து உட்காரும் மனிதர் விடுவாரே, அப்படி ஒரு பெருமூச்சு. கணவன் அதைக் காதில் வாங்காதவன்போல் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

பல வாரங்களாகப் படகு வெறும் பெட்டிகளோடுதான் திரும்பியது. இன்று வலை கனத்தபோது அண்ணன் தம்பி இருவருக்கும் தலைகால் புரியவில்லையாம். மேலே வந்தது மிதவைகள் பாதி போன இன்னொரு வலை. அதில் சிக்கி இவர்களுடையது நார்நாராகிவிட்டது. ஆனால் வந்த வலை நிறைந்திருந்தது.

"ஆளே இல்லாம இவ்வளவு பிடிச்சிருக்கு அண்ணி," என்றான் கொழுந்தன். எதற்கும் சிரிக்கிறவன், இப்போது சிரிக்கவில்லை.

"சுத்தம் பண்ணித் தைச்சுக் குடு. நாளைக்கு இதத்தான் கொண்டு போகணும்," என்றான் கணவன். "வேற வலை இல்ல. இன்னும் ஒரு வாரம் சும்மா கட்டிப் போட்டா படகு நம்ம கையை விட்டுப் போயிடும்."

அவன் சொல்வதில் பொய் இல்லை என்பதால் அவள் கத்தியோடு உட்கார்ந்தாள். மேலே துடித்துக்கொண்டிருந்த மீன்கள். அவற்றை ஒதுக்கினால் பாதி அழுகியவை. அதற்கும் கீழே முள்ளும் ஓடும். செத்ததைத் தின்ன வந்தது சிக்கியிருக்கிறது, அதைத் தின்ன வந்ததும் சிக்கியிருக்கிறது. ஒருநாள்கூட ஓய்வெடுக்காத வலை. அடியில் ஓர் ஆமை. துடுப்புக்கால் ஒன்றில் நூல் தோலுக்குள் புதைந்திருந்தது. இன்னும் உயிர் இருந்தது.

பாசியை வழித்தபோது அந்த நூலின் முடிச்சு தெரிந்தது. அது அவள் போட்ட முடிச்சு.

வலை தைக்கும்போது முடிச்சுக்கு மேல் இன்னொரு சுற்றுச் சுற்றி, மிச்ச நூலைப் பல்லால் கடித்து விடுவது அவள் வழக்கம். துறைமுகத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. 'கைவிலங்கு அண்ணி' என்று கொழுந்தன் கேலி பண்ணுவான். தன் முடிச்சு அவிழ்ந்துவிட்டதென்று யாரும் வந்து நின்றதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மகள் நடக்கப் பழகிய வருடம், இதே வலை பாறையில் மாட்டிக்கொண்டதென்று அறுத்துவிட்டு வந்தார்கள். கடல் எடுத்துக்கிச்சு என்றார்கள். வலையை விட்டுவிட்டு வருகிற எல்லோரும் சொல்வதுதான், அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

கத்தியை நூலில் வைத்தாள்.

"அறுக்காத, அவிழ். ஓட்டை பெருசாயிடும்," என்றான் கணவன்.

அவிழ்த்துப் பார்த்தாள். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். இத்தனை வருடத் தண்ணீரில் முடிச்சு இறுகியிருந்ததே தவிர இளகவில்லை. ஆமை மறுபடி மூச்சு விட்டது. தன் கைகளைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது. ஒரே இழுப்பில் அறுத்தாள். பிறகு பக்கத்து முடிச்சை. அதற்கடுத்ததை.

கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "நாளைக்கு என்ன பண்றது?"

"கடல் எடுத்துக்கிச்சுன்னு சொன்னீங்க."

அவள் மறுகையால் அறுந்த முடிச்சை எடுத்து அவன் முன் நீட்டினாள்.

"இந்த வலைக்கு அப்புறம் விட்டுட்டு வந்த வலைக்கும் சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும் சொன்னீங்க. அது எல்லாத்துலயும் என் முடிச்சுதான் இருக்கு."

அவன் பிடி தளர்ந்தது. ஆமை வாசலை நோக்கி ஊர்ந்தது. மூவரும் விலகி வழிவிட்டார்கள். வெளியே வெயிலில் கடல் அசையாமல் கிடந்தது. காற்றும் இல்லை, படகும் இல்லை. தூரத்தில் எந்த வலையுடையதோ ஒரு வெள்ளை மிதவை மட்டும் தெரிந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ கீழிருந்து இழுத்தாற்போல் அது உள்ளே போனது. மேலே வரும் என்று மூவரும் நின்றார்கள்.