ஏழாவது நிபந்தனை

ஆயுத பூஜையன்று காலையில் ஜெயப்பிரகாஷுக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் ஒரு வாடகை ஸ்கூட்டர். பச்சை நிறம், எண் இருபத்தேழு. கரண்டில் ஓடுவது, செல்போனில் பணம் கட்டினால் பூட்டு திறக்கும். அவன் மனைவி பூர்ணிமா அதைக் கழுவித் துடைத்து, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாள். பக்கத்திலேயே அவனுடைய சொந்த பைக் நின்றது. பதினோரு வருடம் அவளைச் சுமந்த வண்டி. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தில் அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். அந்த மிச்சம்தான் அவனுக்கு ஆறவில்லை.

“வாடகை வண்டிக்கு யாராச்சும் பூஜை போடுவாங்களா?” என்றான்.

ஷூ கம்பெனியில் எல்லாப் பெண்களும் போடுகிறார்கள், வண்டிகளை வாடகைக்கு விடும் ஜான்சன் சார்தான் ஆளுக்கொரு மாலை வாங்கிக் கொடுத்தார் என்றாள். ஜான்சன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அவனுக்கு ஆயுத பூஜை மாலையில் என்ன அக்கறை என்று யோசித்து யோசித்தே ஜெயப்பிரகாஷ் அன்று பொரியைக்கூடத் தொடவில்லை.

ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் சின்ன ஊர் அது. அதன் நகராட்சியில் ஜெயப்பிரகாஷ் நகரமைப்பு ஆய்வாளர். நடைபாதையில் தள்ளுவண்டி நின்றால் அள்ளிப் போடும் அதிகாரம் அவனுடையது. வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்களே, அந்த ரகம். வீட்டில் அவனுக்கென்று இருந்தது தினம் காலையில் இருபது நிமிடம்தான். பூர்ணிமாவைப் பின்னால் உட்காரவைத்து ஷூ கம்பெனி கேட் வரை கொண்டுபோய் விடுவான். வழியெல்லாம் அவள் தையல் லைன் கதை சொல்லுவாள். காற்றில் பாதி காதில் விழாது. விழாததற்கும் சேர்த்து அவன் ‘உம்’ கொட்டுவான். அவள் கை அவன் தோளில் இருக்கும்.

சத்துவாச்சாரியிலிருந்து ஜான்சன் அறுபது ஸ்கூட்டரோடு வந்து இறங்கினான், அந்த இருபது நிமிடமும் போயிற்று. கம்பெனிப் பெண்களுக்கு மைதானத்தில் வண்டி ஓட்டவும் சொல்லிக் கொடுத்தான். வீட்டில் பேச்சுக்குப் பேச்சு “ஜான்சன் சார் சொன்னாரு.” ஒருநாள் பூர்ணிமா ஓட்ட, பின்சீட்டில் ஜான்சன் உட்கார்ந்து பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்ததை ஜெயப்பிரகாஷ் தன் கண்ணாலேயே பார்த்தான். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கைப்பை இருந்தது. அது மட்டும் அவன் கண்ணில் படவில்லை.

கார்த்திகையில் கடவுள் கண் திறந்தார். வாடகை ஸ்கூட்டர்கள் கண்ட இடத்தில் நிற்கின்றன என்று நகர்மன்றத்தில் புகார் வந்தது. ஊர்ச் சாலையில் வண்டி நிறுத்த நிபந்தனை விதிக்கும் அதிகாரம் நமக்கு உண்டு, எழுதிக்கொண்டு வாருங்கள் என்று ஆணையர் அந்த வேலையை அவனிடமே கொடுத்தார். கரும்பு தின்னக் கூலியா? கோடு போட்ட கட்டத்துக்குள்தான் வண்டி நிற்க வேண்டும், மீறினால் ஒரு வார அறிவிப்பு ஒட்டிவிட்டுத் தூக்கலாம் என்று தொடங்கி, வேகம், தலைக்கவசம் என்று ஆறு நிபந்தனை எழுதினான். கட்டம் எங்கே போடுவது என்பதும் அவன் கையில். பஸ் ஸ்டாண்டில் போட்டான், மார்க்கெட்டில் போட்டான், கம்பெனி கேட்டில் மட்டும் போடவில்லை. வேறு வழியில்லாமல் அவள் பைக்கில் வந்து ஏறித்தானே ஆக வேண்டும்! எழுதி முடித்தும் மனசு அடங்கவில்லை. அந்தப் பின்சீட்டு ஞாபகம் வந்தது. ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தான்: ஒரு வண்டியில் ஒருவர் மட்டும். ஏன் என்று கேட்டால் பாதுகாப்பு. யாரும் கேட்கவில்லை. மன்றம் எல்லாவற்றையும் அப்படியே நிறைவேற்றியது.

பெண்கள் ஆளுக்கொரு வண்டி எண்ணைப் பிடித்துக்கொண்டு, வேறு யாரும் எடுத்துவிடாதபடி ராத்திரி வீட்டு வாசலிலேயே நிறுத்தி வந்தார்கள். பூஜை போட்ட வண்டியை ஊராருக்கு விட்டுக்கொடுப்பார்களா? ஆனால் இப்போது அது விதிமீறல். ஜெயப்பிரகாஷ் முதல் அறிவிப்பைத் தன் வீட்டு வாசலிலேயே ஒட்டினான். இருபத்தேழின் நெற்றியில், காய்ந்த குங்குமத்தின் மேலேயே, கையெழுத்தும் முத்திரையுமாக. ஒட்டிவிட்டு பைக்கை ஸ்டார்ட் செய்து காத்திருந்தான்.

பூர்ணிமா வந்து கடைசி வரி வரை படித்தாள்.

“ஆட்சேபணை இருந்தா எழுதித் தரலாம்னு போட்டிருக்குதே. யார் வேணாலும் தரலாமா?” என்று கேட்டாள்.

தரலாம் என்றான். அவள் பைக்கைத் திரும்பியும் பார்க்காமல் எதிர்வீட்டு செண்பகத்தோடு பஸ் ஏறப் போய்விட்டாள்.

நாற்பத்தொரு ஆட்சேபணை வந்தது. அறிவிப்பில் கையெழுத்துப் போட்டவர்தான் மன்றத்தில் எழுந்து அவற்றை வாசிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பதினெட்டு வரை மளமளவென்று வாசித்தான். பத்தொன்பதாவது தாளில் இருந்தது, மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கிற கையெழுத்து.

“ஐயா, எனக்கு ஐந்தரைக்கு வேலை முடியும். என் கணவர் வரும்வரை கம்பெனி கேட்டில் நிற்பேன். அவர் ஆறே முக்காலுக்கு வருவார், சில நாள் ஏழரை ஆகும். வாட்ச்மேன் விளக்கைப் போட்டுவிட்டு, இன்னும் போகலையா என்று கேட்பார். பதினோரு வருடமாகக் கேட்கிறார். இப்போது நான் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறேன். வண்டியை எடுத்துவிடாதீர்கள்.”

“யாருய்யா அந்த வூட்டுக்காரன்?” என்றார் பின்வரிசைக் கவுன்சிலர் ஒருவர். சிரிப்பு எழுந்தது. ஜெயப்பிரகாஷ் தண்ணீர் குடித்தான். காலையில் கொண்டுபோய் விட்டதைத்தான் இத்தனை நாளும் நினைத்து நினைத்து உருகியிருந்தான். சாயங்காலம் என்று ஒன்று இருந்தது அவனுக்கு ஞாபகமே இல்லை. வெட்கமாக இருந்தது.

கம்பெனி கேட்டிலும் தெரு முனைகளிலும் கட்டம் போட மன்றம் உத்தரவிட்டது. ஏழாவது நிபந்தனையை யாரும் ஆட்சேபிக்காததால் அது அப்படியே நின்றது. கேட்டில் அவன் அளந்தபோது டேப்பின் மறுமுனையை ஜான்சன்தான் பிடித்தான். டீயும் வாங்கிக் கொடுத்தான். அவன் நல்லவனாக இருந்ததுகூட ஜெயப்பிரகாஷுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் தெருமுனைக் கட்டத்தில் நின்ற இருபத்தேழிலிருந்து அறிவிப்பை ஈரத்துணியால் துடைத்து எடுத்தான். குங்குமமும் கூடவே வந்துவிட்டது. பூர்ணிமா தலைக்கவசத்தோடு வந்தாள். ரொம்ப யோசித்து வைத்திருந்ததைக் கேட்டான்.

“இன்னைக்கு நான் பின்னாடி ஒக்காந்துக்கறேன். கேட் வரைக்கும் நீ ஓட்டிட்டுப் போ. நான் அங்கேர்ந்து பஸ்ல போய்க்கறேன்.”

அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

“ஒரு வண்டியில ஒருத்தர்தாங்க. நீங்க எழுதினதுதானே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். கம்பெனி கேட்டில், புதுக் கோட்டுக்குள் அவள் வண்டியை ஒழுங்காக நிறுத்தினாள். சாயங்காலம் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்க வாயெடுத்தான். பதினோரு வருடத்தில் அதை அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதற்குள் அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.