அம்மா என்று கூப்பிடக் கூடாத இடம்

காலையில் பிடித்த மழை மதியம் இரண்டு மணிக்குத்தான் விட்டது. பெற்றோர் வருகிற நாள். வராந்தாவின் சுவரோரமாக இருபத்தெட்டு நாற்காலிகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் துடைத்து முடிப்பதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. வருகிறவர்களெல்லாம் செருப்போடு சேற்றையும் கொண்டுவந்தார்கள். ஒருவர் நடந்து போவார், அவள் மாப்பை இழுப்பாள், அது காய்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். எல்லோரும் ஈரத்தைப் பார்த்து, வழுக்கிவிடுமோ என்று பயந்து, மாதா சொரூபம் நின்ற மாடத்தை ஒட்டிப் பார்த்துப் பார்த்து அடி வைத்தார்கள். ஈரத்துக்குப் பக்கத்தில் நின்றவளை யாரும் பார்க்கவில்லை. நீலக் கோட்டும் நீலத் தொப்பியும் போட்டுவிட்டால் அப்படித்தான்.

அந்தக் கோட்டுக்கு உள்ளே அவள் தன்னிடம் இருந்ததில் நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். மூன்று இருபதுக்கு அவளும் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். அவள் மகள் சிட்டு இதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு.

அது அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சிட்டுவைச் சேர்த்தபோது அவள் தையல் ஆலையில் வேலையிலிருந்தாள். விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். ஆலை மூடியது. துப்புரவுக் கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் கம்பெனி அவளை இந்தப் பள்ளிக்கு அனுப்பியது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள். முதல் நாளே சிட்டு வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது. கம்பெனி சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

அவர் கெட்ட மனுஷரில்லை. சாமான் அறைக்குள் கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். வேலையாட்கள் பிள்ளைகளிடம் பேசக் கூடாது, தொடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதாம். ஒருத்தியின் பிள்ளை இங்கேயே படிக்கிறது என்று மேலே தெரிந்தால் மறுநாளே ஆளை மாற்றிவிடுவார்களாம். மாற்றினால் ஊரின் மறுகோடியில் இருக்கிற பேருந்துப் பணிமனைக் கழிப்பறைக்குத்தான். சாயங்காலம் நாலிலிருந்து நடுராத்திரி வரைக்கும். "நான் பாத்ததைப் பாக்காத மாதிரி இருந்துடறேன். நீயும் பிள்ளைகிட்ட சொல்லி வை. எனக்கும் மேல ஆளு இருக்கும்மா."

சிட்டுவின் அப்பா லாரி ஓட்டுகிறவர். பத்து நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார், வந்தால் தூங்குவார். இவளும் நடுராத்திரி வரை வேலைக்குப் போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? எதிர்வீட்டு அத்தை தன் பேரப்பிள்ளைகளோடு சேர்த்துச் சிட்டுவையும் கூட்டிக்கொண்டு போகிறாள். ஆறரை மணி வரை வைத்திருப்பாள். அதற்கு மேல் கேட்க முடியாது.

அன்றைக்குச் சாயங்காலம் சிட்டுவுக்குத் தலை சீவிவிட்டபடியே சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துல என்னைப் பாத்தா அம்மான்னு கூப்பிடக் கூடாது. தெரியாத மாதிரி போயிடணும். என்ன?"

"வெளையாட்டாம்மா?"

"ஆமா. வெளையாட்டுதான். நீ தோத்தா சூப்பர்வைசர் என்னை வேற எடத்துக்கு அனுப்பிடுவாரு."

சிட்டுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறுநாள் வராந்தாவில் எதிரே வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை நேரே வைத்துக்கொண்டு, பட்டாளத்துக்காரன் மாதிரி விறைப்பாக நடந்து போயிற்று. மூலை திரும்பினதும் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து மாப்பை இழுத்தாள்.

அந்தப் பள்ளியில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பிள்ளை அந்த வாரம் என்ன படித்தது, எதில் தடுமாறுகிறது என்று வெள்ளிக்கிழமைதோறும் டீச்சர் ஒரு மஞ்சள் அட்டை நோட்டில் எழுதி அனுப்புவார். பெற்றோர் படித்துக் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். ஆரம்பத்தில் எல்லாம் நல்ல சேதிதான். சிட்டு பாட்டை எல்லோருக்கும் முன்னால் பாடுகிறாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று வந்தது. பிறகு மாறிற்று. வகுப்பில் அமைதியாக இருக்கிறாள் என்று ஒரு வாரம். கேட்டால் பதில் சொல்வதில்லை என்று அடுத்த வாரம். அதற்குப் பிறகு, வாய்விட்டு வாசிக்கவே மாட்டேன் என்கிறாள், எழுத்து தெரிகிறதா இல்லையா என்றே கண்டுபிடிக்க முடியவில்லை, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, தயவுசெய்து வந்து பார்க்கவும். அதே வரியை டீச்சர் மூன்று வெள்ளிக்கிழமை எழுதினார். மூன்றுக்கும் அவள் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்த கோட்டோடேயே சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். வகுப்பில் ஏன் பேசுவதில்லை என்று.

சிட்டு அவள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. "வாயத் தொறந்தா அம்மான்னு வந்துடும்."

அதற்கப்புறம்தான் இந்த நாளுக்குக் காத்திருந்தாள். பெற்றோர் நாளில் ஆளுக்குப் பத்து நிமிஷம். டீச்சரோடு உட்கார்ந்து பிள்ளையின் ஃபைலைப் பார்க்கலாம். டீச்சரிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சூப்பர்வைசரிடம் பத்து நிமிஷம் கேட்டதற்கு, வேலையாட்களில் இரண்டு பேர் வரவில்லை, இன்றைக்குப் பார்த்துத்தானா என்றார். முடியாது என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று எடுத்துக்கொண்டாள்.

மூன்று பதினைந்துக்குச் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கோட்டைக் கழற்றினாள். தொப்பியை எடுத்துவிட்டு, தண்ணீர் தொட்டு முடியை ஒதுக்கினாள். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் பினாயில் வாசனை போகவில்லை. அழைப்புக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்தபோது சூப்பர்வைசர் வெளியிலிருந்து கதவைத் தட்டினார்.

"ஏம்மா, ஒண்ணாம் கிளாஸ்ல ஒரு பிள்ள வாந்தி எடுத்திருச்சு. சீக்கிரம் வா. பெரிய சிஸ்டர் அந்தப் பக்கம்தான் வந்துக்கிட்டிருக்காங்க."

கோட்டை மறுபடி மாட்டினாள். வாளி, மரத்தூள், கையுறை.

வகுப்பறை வாசலில் சூப்பர்வைசர் நின்றார். உள்ளே, சின்ன மேஜைக்கு அந்தப் பக்கம் டீச்சர், நடுவில் திறந்து வைத்த ஃபைல், இந்தப் பக்கம் காலி நாற்காலி. காலி நாற்காலிக்குப் பக்கத்தில் சிட்டு உட்கார்ந்திருந்தது. முன்சட்டையும் மடியும் நனைந்திருந்தன. மத்தியானத்துக்குக் கட்டிக் கொடுத்த சோறு முழுக்கத் தரையில் கிடந்தது. முக்கால் மணி நேரமாக அந்தப் பிள்ளை வகுப்பிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. தன் முறை வரும், அம்மா வந்து அந்த நாற்காலியில் உட்காருவாள், அப்போது கூப்பிடலாமா கூடாதா என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்ல மறந்திருந்தாள்.

அவள் மண்டிபோட்டாள். மரத்தூளைத் தூவி, அட்டையால் வழித்து வாளியில் போட்டாள். பிறகு தன்னையறியாமல் கோட்டுப் பையிலிருந்த துணியை எடுத்துச் சிட்டுவின் வாயைத் துடைக்கக் கையை நீட்டினாள்.

"வேண்டாம், பிள்ளையத் தொடாதீங்க," என்றார் டீச்சர். குரலில் கடுமை ஒன்றுமில்லை. "அந்தக் கையுறையோட... நர்ஸ் சிஸ்டர் வந்துக்கிட்டிருக்காங்க."

கை பாதியிலேயே நின்றது. அவள் அதைத் தரைக்குக் கொண்டுபோனாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். பார்வை மட்டும் மேஜை விளிம்பு வரை ஏறிற்று. ஃபைலில் ஒரு படம். வீடு, லாரி, லாரிக்குள் மீசை வைத்த ஒருவர், வீட்டு வாசலில் பாவாடை போட்ட குட்டிப் பெண். பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை வரைந்து, அதன் மேல் நீலக் கிரேயானை அழுத்தி அழுத்தித் தேய்த்து மூடியிருந்தது. கீழே டீச்சர் சிவப்பு மையில், 'அம்மா எங்கே?' என்று எழுதியிருந்தார்.

டீச்சருக்குச் சின்ன வயது. காலையில் வகுப்பும் எடுத்து, ஆறு பெற்றோரிடமும் பேசிக் களைத்திருந்தார். யாரிடமாவது சொன்னால் போதும் என்கிற மாதிரி அவளிடமே சொன்னார். "இந்தப் பிள்ளையோட அம்மா இன்னைக்கும் வரல. மூணு தடவ எழுதிட்டேன். கையெழுத்துப் போடுறாங்க, வர மாட்டேங்குறாங்க. நீங்க சாயந்திரம் வாசப்பக்கம் கூட்டுறீங்க இல்ல? அவங்கள எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

வாசலில் சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். அவருக்குப் பின்னால், பள்ளியை நடத்துகிற பெரிய சிஸ்டரின் வெள்ளை அங்கி தெரிந்தது.

சிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்ல டீச்சர்," என்றாள். "எனக்குத் தெரியாது."

வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வாசலைத் தாண்டப் போனாள். அப்போது பின்னாலிருந்து சின்னக் குரல் கேட்டது. அந்த வகுப்பில் பல வாரமாக யாரும் கேட்காத குரல்.

"தேங்க்ஸ் அக்கா."

துப்புரவு செய்கிறவர்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சிட்டு முதலில் கேட்டது, நான் சரியா வெளையாடினேனா என்றுதான். அவள் சரியாகத்தான் விளையாடினாய் என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய், திறந்துவிட்ட குழாயடியில் வெகுநேரம் நின்றாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சோறு ஊட்டும்போதும் தட்டைப் பார்த்துத்தான் ஊட்டினாள்.

பொறுக்கவில்லை. போனால் போகட்டும் வேலை என்று மறுநாள் காலை எட்டு மணிக்கே, கோட்டில்லாமல், முன்வாசலில் போய் நின்றாள். டீச்சரைப் பார்க்க வேண்டும் என்றாள். காவலாளிக்கு அவளைத் தெரியும். வேலையாட்களுக்குப் பக்கவாசல், அதுவும் இரண்டு மணிக்குத்தானே என்றார். வேலைக்கு வரவில்லை, டீச்சரிடம் ஒரு விஷயம் என்றாள். டீச்சர்களைப் பார்க்கப் பெற்றோருக்குத்தான் அனுமதி, அவர்களும் நோட்டில் எழுதி நாள் வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று அவர் விளக்கினார். சொல்லிவிட்டு, சிரித்தபடி, "உனக்கென்னம்மா டீச்சர்கிட்ட? சேதி இருந்தா சூப்பர்வைசர்கிட்ட சொல்லு" என்றார். நான் ஒரு பிள்ளையின் அம்மா என்கிற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் இரண்டு வண்டிகள் வந்து நின்று ஒலி எழுப்பின. நேற்று வராந்தாவில் அவள் துடைத்த ஈரத்தின் மேல் நடந்து போனவர்கள், இறங்கித் தங்கள் பிள்ளைகளின் பையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒதுங்கி வழிவிட்டாள். இரண்டு மணிக்குப் பக்கவாசல் வழியாக வேலைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிட்டு செருப்பைக்கூடக் கழற்றாமல் பையைத் திறந்து மஞ்சள் நோட்டை எடுத்து நீட்டியது. பக்கத்தின் மூலையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து விரலை வைத்துப் படித்தாள்.

'இந்த வாரம் ஒரு மகிழ்ச்சியான செய்தி. உங்கள் மகள் வெகுநாளுக்குப் பிறகு வகுப்பில் வாய் திறந்து பேசினாள். துப்புரவு அக்காவுக்கு யாரும் சொல்லாமலே நன்றி சொன்னாள். அதற்காக நட்சத்திரம் கொடுத்திருக்கிறோம். வீட்டிலும் பாராட்டுங்கள். ஆனால் வாசிப்பில் முன்னேற்றம் இல்லை. பெற்றோர் நேரில் வராததால் உங்களைக் கலந்து பேச முடியவில்லை. அடுத்த பருவத்திலிருந்து மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான வகுப்பில் அவளைச் சேர்க்க முடிவு செய்திருக்கிறோம். சம்மதம் என்றால் கீழே கையெழுத்திடவும். சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் எழுதவும்.'

கீழே இரண்டு கோடு காலியாக விட்டிருந்தது. அவள் சிட்டுவின் பென்சிலை எடுத்தாள். எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தப்பு வந்தால் அழித்துக்கொள்ளலாம் என்று பென்சிலால் ஒவ்வோர் எழுத்தாக, கோட்டை விட்டு இறங்காமல் எழுதினாள். முடித்தபோது நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

சிட்டு அவள் தோளில் மோவாயை வைத்து எட்டிப் பார்த்தது. பார்த்து, திக்காமல் திணறாமல், வாய்விட்டு வாசித்தது.

"அந்தத் துப்புரவு அக்கா நான்தான். நான் இவளோட அம்மா. நான்தான் இவளப் பேச வேண்டாம்னு சொன்னேன். இவளுக்கு எல்லாம் தெரியும்."

அவள் திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தாள். சிட்டுவின் முகம் மாறிவிட்டிருந்தது.

"ஐயோ அம்மா, இத எழுதக் கூடாது. சூப்பர்வைசர் உன்ன வேற எடத்துக்கு அனுப்பிடுவாரு. வெளையாட்டு மறந்துட்டியா?"

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ரப்பரை எடுத்தது. நோட்டைத் தன் பக்கம் திருப்பி, இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து அழிக்க ஆரம்பித்தது. அவள் தடுக்க வேண்டும் என்று கையைத் தூக்கப் பார்த்தாள். கை மடியிலேயே இருந்தது. சிட்டு ஒரு புள்ளிகூட மிச்சம் வைக்காமல் பதமாக அழித்து, துகளை ஊதிவிட்டு, பென்சிலை வாங்கிக்கொண்டு, பேனாவை அவள் விரல்களுக்கு நடுவில் செருகியது.

"இங்க போடும்மா," என்று கையெழுத்துக் கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டியது.