தில்லை இலை அந்துப்பூச்சி

நுளம்பு வலையின் கால்மாட்டில் ஒரு ஜன்னல் அளவுக்கு ஓட்டை விழுந்திருப்பதை இப்றாஹிம் கட்டிலில் சாய்ந்த பிறகுதான் கண்டான். எலி கடித்த ஓட்டையாகத் தெரியவில்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. விசாரித்தபோது, தான்தான் வெட்டியதாக மனைவி ஸுஹைரா ஒத்துக்கொண்டாள். கடல்நீர்க் களப்போரத்துத் தில்லை மரத்தின் கிளையொன்றுக்கு அதைப் பையாகத் தைத்துக் கட்டியிருக்கிறாளாம். புழுவுக்காக.

ஸுஹைரா எத்தாளைப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. இப்றாஹிம் பாலாவியிலிருந்து உப்பு லொறி ஓட்டுகிறவன். நத்தை ஊர்ந்ததுபோல் தில்லை இலைகளில் வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து ஓடுவதை அவள் பல நாளாகக் கவனித்து வந்திருக்கிறாள். ஓர் அந்துப்பூச்சி இலைமேல் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு இலையின் தோலுக்கடியில் நுழைந்து, வெளியே தலைகாட்டாமல் உள்ளேயே தின்றுகொண்டு போகும். அது போன வழிதான் அந்தக் கோடு. மனிதர் கண்ணில் பட்டால் பார்வையை மறைக்கிற தில்லைப்பால் அதற்கு ஒன்றும் செய்யாது. வளர்ந்ததும் இலையின் ஓரத்தை மடித்து, நூலால் ஒட்டி, அதற்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். அதிலிருந்து பூச்சி வெளிவருவதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

புதிய வலை வாங்கித் தருவதாகச் சொன்னாள். ஆனால் பாடசாலை விட்டால் களப்புக்கு ஓடுகிறவளுக்குப் புத்தளத்துக் கடைக்குப் போக எங்கே நேரம்? ஓட்டையில் உடுத்தும் சாரனைத் திணித்துவிட்டுப் படுத்த இப்றாஹிமை நுளம்புகள் ஆசை தீரக் கடித்தன. கடைசியில் உடம்பில் எது பட்டாலும் கை தானாகவே அடிக்கும் நிலைமை வந்துவிட்டது. பாலாவிச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் பக்கத்திலிருந்தவரின் தொடையில் ஓங்கி அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான்.

இலைகள் மடிந்ததும் ஸுஹைரா கிளையை வெட்டி வந்து போத்தலில் வைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை மடிப்பொன்று அசைந்தது. வலைப்பையைக் கழற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கியது. கணவனை உட்கார்த்தி, கண்ணெடுக்காமல் பார்க்கும்படியும் பூச்சி வந்தால் கூப்பிடும்படியும் சொல்லிவிட்டு ஓடினாள்.

இப்றாஹிம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கையில் ஏதோ பட்டது. கை தன் வேலையைச் செய்தது.

அவள் திரும்பி வந்தபோது அவனுடைய உள்ளங்கையில் கொஞ்சம் வெள்ளித்தூள் இருந்தது. அவள் ஏசவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சீனியும் அளவாகவே இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவள் பாடசாலைக் கூட்டமொன்றுக்குப் போனதும் அவன் களப்புக்குப் போனான். மடிந்த இலைகள் உள்ள கிளையாகப் பார்த்து முறித்தான். பால் தெறித்து இடது கண்ணில் விழுந்தது. துள்ளிய துள்ளலில் இரண்டு காலும் முழங்கால்வரை சேற்றில் புதைந்தன. கத்திக் கூப்பிட வெட்கமாக இருந்தது. மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மூக்குக்கு நேரே இன்னோர் இலை. அதன் மடிப்பைத் துளைத்துக்கொண்டு மண்ணிறக் கூடு ஒன்று தலை நீட்டியது. அது வெடித்தது. எள்ளைவிடச் சிறிய ஒன்று நடந்து வந்து, இலைமேல் ஒரு வட்டம் சுற்றி நின்றது. எரிகிற கண்ணை மறந்து இப்றாஹிம் பார்த்தான். வீசிய காற்றோடு அது போய்விட்டது.

வலை இழுக்க வந்த மீனவன் சாள்ஸ்தான் அவனைத் தூக்கிப் படகில் போட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரால் கண்ணைக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனான். சிரிப்பை அடக்க அவனால் முடிந்தவரை முயன்றான்.

கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து ஸுஹைரா அழுதாள். பிறகு கதையைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது.

"நீங்க பாத்தீங்களா?"

"ஓம்."

"எப்படி இரிந்திச்சி? வடிவாச் செல்லுங்க."

"சின்னதா இரிந்திச்சி."

"நிறம்?"

"சூடை மீன்ட செதிள் மாதிரி. ஸுஹைரா, எனக்கு கண்ணு எரியிது."

"மத்தக் கண்ணாலதானே பாத்தீங்க," என்றாள்.

கண் சுகமானதும் சாள்ஸின் படகில் மூவரும் போனார்கள். தில்லை மரத்தடியில் படகைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். பாணும் சம்பலும் முடிந்தன. வெயில் ஏறியது. இப்றாஹிம் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். எதிர்முனையில் சாள்ஸும் குறட்டை விட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் மடிப்பு திறந்தது. ஸுஹைரா கூப்பிட வாயெடுத்தாள். தூங்குகிற கணவனின் கையைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. பூச்சி சிறகு உலர்த்தி, ஒரு வட்டம் சுற்றி, பறந்து போகும்வரை அவள் தனியாகவே பார்த்தாள்.

திரும்பும் வழியில் விசயத்தைச் சொன்னாள். சிறகு நுனியில் பொன்னிறம் இருந்தது என்றாள். பொன்னிறம் இருக்கவே இல்லை, முழுக்க வெள்ளிதான் என்றான் இப்றாஹிம். ஒற்றைக் கண்ணால் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் அந்தப் பாதி வெள்ளிதான் என்றான் அவன்.

"ரீச்சர் செல்றது சரியா இருக்கும், நானா," என்றான் ஒன்றையும் பார்க்காத சாள்ஸ்.

அவனுக்கு இதில் பேச இடமில்லை என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, கரை வரும்வரை சண்டையைத் தொடர்ந்தார்கள்.