சாப்பாட்டு மேசையில் யார்க்‌ஷயர்

மான்ட்ரியாலை அடுத்த கர்க்லாண்டில் இருக்கும் வீட்டுக்குச் சம்பந்தி வந்ததிலிருந்து அவர் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னது ஒரே சொல்: "மோசமில்லை." அவியலுக்கும் அதுதான், வற்றல் குழம்புக்கும் அதுதான்.

"ரெண்டு நாளா அடுப்படியே கதின்னு கெடந்தேன். மோசமில்லையாம்!" சமையலறையில் மகளிடம் பொருமினாள் அனுசூயா.

தாரா சிரித்தாள். "அம்மா, அவங்க ஊர்ல அதுக்கு மேல பாராட்டே கிடையாது."

சம்பந்தி ஹெரால்ட், தாராவோடு மான்ட்ரியாலில் படித்த மார்ட்டினின் அப்பா. செப்டம்பரில் தாராவுக்கும் மார்ட்டினுக்கும் கல்யாணம். பிறகு தாரா யார்க்‌ஷயரில், அவருடைய ஆட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில்தான் குடித்தனம் செய்யப் போகிறாள். லண்டனைத் தவிர இங்கிலாந்தில் எதுவும் அறியாத அனுசூயாவுக்கு அது ஒப்பவே இல்லை.

ஞாயிறு மதியம் சாப்பிடும்போது அவள் கணவர் ரகுநாதன், "உங்க ஊர் எப்படி இருக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவைத்தார். அவ்வளவுதான், ஹெரால்டுக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிட்டது. ரசப் பாத்திரத்தை வலப்பக்கம் நகர்த்தினார், அது கடல். உப்புக் குப்பி யார்க் நகரம். கரண்டிகளைக் கீழ்ப்பக்கம் வைத்தார். கரண்டி, கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்ட் தெற்கே. இடப்பக்கம் அப்பளங்களை நொறுக்கி மலைகளாக்கினார். குறுக்கே கறிவேப்பிலைக் காம்புகள்: சிமெண்டே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். மலைக்கு அப்பால் என்ன என்று ரகுநாதன் கேட்டதற்கு, "லங்காஷயர்" என்று பரம்பரைப் பகையாளியின் ஊரைச் சொல்வதுபோல் முகத்தைச் சுளித்து, ஒரு டம்ளரை மேசை விளிம்புக்குத் தள்ளிவிட்டார்.

அவருடைய உச்சரிப்பு அனுசூயாவுக்குப் பிடிபடவில்லை. "கேளுடி தாரா. 'மோசமில்லை'க்கு மேல அங்க யாரும் பேசவே மாட்டாங்க போலிருக்கே. உனக்கு ஒண்ணுன்னா யாரு வந்து பார்ப்பா?"

தாரா தயங்கிக் கேட்டாள். ஹெரால்ட் தட்டைப் பார்த்தபடி மெல்லச் சொல்ல, அவள் தமிழில் சொன்னாள்.

"ஒரு குளிர்காலத்துல இவர் மனைவிக்கு ரொம்ப முடியாமப் போச்சாம். பாதையெல்லாம் பனி. பக்கத்துப் பண்ணைக்காரரோட இவருக்குச் சுவர்த் தகராறு, பல வருஷமாப் பேச்சே இல்லை. அந்த மனுஷன் டிராக்டரை எடுத்துட்டு வந்து அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கார். இவர் திரும்பி வர்ற வரைக்கும் ஆட்டுக்கெல்லாம் தீனி போட்டது அவர்தானாம்."

"அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் என்ன சொன்னாராம்?"

"'பனி ஜாஸ்தி'ன்னாராம். போயிட்டாராம்."

அனுசூயா பரிமாறுவதை நிறுத்தினாள். "அந்தம்மா?"

"நல்லா இருக்காங்க. ஆட்டைப் பாத்துக்கத்தான் ஊர்ல இருந்துட்டாங்க."

"தாராவோட வீடு எங்க?" என்று அனுசூயாவே நேராக அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஹெரால்ட் குழம்பிலிருந்து இரண்டு சுண்டைக்காய்களை எடுத்து, அப்பள மலைக்கு அடியில் ஒட்டினாற்போல் வைத்தார். ஒன்று அவர் வீடு, மற்றது தாராவுக்கு.

"இவ ரொம்பப் பேசுவா. பொறுத்துக்கணும்," என்றாள் அனுசூயா தமிழில்.

தாரா வெட்கத்தோடு மொழிபெயர்த்தாள்.

"எங்க பக்கம் அப்படி ஒருத்திதான் குறையா இருந்தது," என்றார் ஹெரால்ட்.

அதுவரை நின்றபடியே பரிமாறிக்கொண்டிருந்த அனுசூயா, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கும் சோறு போட்டுக்கொண்டாள்.