இவ்வளவு போதுமா?

நான் முடி வெட்டுகிறவள். என் வாய் கத்தரியைவிட வேகமாக ஓடும். ஆனால் தொழிலில் ஒழுங்கு உண்டு. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், முடியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து, "இவ்வளவு போதுமா?" என்று கேட்காமல் வெட்ட மாட்டேன்.

அவனிடம் மட்டும் கேட்டதில்லை. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். பக்கத்து மருந்துக்கடையில் வேலை. மாதம் ஒருமுறை பிடித்து உட்காரவைத்து, காதுக்கு மேலே ஒட்ட வெட்டிவிடுவேன். "இப்பதான் மூஞ்சி லட்சணமா இருக்கு" என்பேன். சிரிப்பான். மறுநாள் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். தெருவே கேட்க "தொப்பி, தொப்பி" என்று கூப்பிடுவேன். அதற்கும் சிரிப்பான். வீடு பார்த்தது நான், கல்யாணத் தேதி குறித்தது நான். அவன் தலையாட்டினான். தங்கமான மனுஷன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது, கடையில் ஆளில்லாத மத்தியானத்தில் வந்தான். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"கல்யாணம் வேண்டாம்."

"என்ன, விளையாடுறியா?"

காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினான். சின்ன வயதில் வெந்நீர் கொட்டிய தழும்பு. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். "இத மறைக்கத்தான் முடி வளர்ப்பேன். நீ மாசாமாசம் வெட்டிடுவ."

"வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

"ஒருதரம் சொன்னேன். 'தொழில் எனக்குத் தெரியும், சும்மா உக்காரு'ன்ன. அழுத்திச் சொல்லியிருக்கணும், தப்பு எம்மேலயும் இருக்கு. உன் முகம் வாடுமேன்னு எல்லாத்தையும் முழுங்கினேன். இப்ப உன்னப் பாத்தாலே பயமா இருக்கு."

அப்படி நான் சொன்னது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்டேனே.

"இனிமே உன்னக் கேட்டுக் கேட்டுச் செய்றேன்" என்றேன். அவன் அழுதான். ஆனால் தலையாட்டவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் போர்த்தும் துணியைக் கையில் எடுத்தேன். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"கடைசியா ஒருதரம், உனக்கு எப்படி வேணுமோ அப்படி வெட்டிவிடட்டுமா?"

"வேண்டாம்" என்றான். இந்தமுறை அழுத்தியே சொன்னான்.

துணியை மடித்து வைத்தேன். அவன் தொப்பியை மறந்துவிட்டுப் படியிறங்கினான். கூப்பிட வாயெடுத்தேன். "தொப்பி" என்றுதான் வந்தது. அதை முழுங்கிக்கொண்டேன்.