பட்டை இறங்கிய வண்டி

இன்று யார்டில் இருந்தவர்கள்: நைனா ஆபிரகாம், அம்மா சந்திரம்மா, பழைய வண்டி விற்கும் பாலா, நான். அப்புறம் ஒரு புல்லுக்கட்டு. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வேடந்தாங்கலிலிருந்து செங்கல்பட்டு வரை பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் எடுத்திருந்தோம்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்து மூன்று மாதம். இனி தலையில் சுமை ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் புல் கொல்லை ஏரிக்கு அந்தப் பக்கம், வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். இருபது வருடமாக அம்மா அறுத்துக் கட்டுவாள், முட்டி போடுவாள். நைனா கட்டைத் தூக்கி அவள் தலையில் வைப்பார். அவரால் சுமக்க முடியாது. டிராக்டர் ஓட்டிய காலத்தில் விழுந்ததில் வலது கை தோளுக்கு மேல் போகாது.

கேளம்பாக்கத்தில் நைட் ஷிப்டை விட்டுவிட்டு வீட்டில் கிடந்த நான் இரண்டு நாள் சுமந்தேன். மூன்றாம் நாள் கழுத்து திரும்பவில்லை. அடுத்த வாரம் பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலைக்குச் சேருகிறேன். அப்புறம் கொல்லையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

ஆக, இன்றைக்கு ஒரு வண்டி. இல்லாவிட்டால் திங்கட்கிழமை இரண்டு பசுவையும் விற்றுவிடுவது. அதைக் கேட்டதும் அம்மா மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் போனில் பார்த்து வைத்திருந்த மினி லாரியைக் காட்டினேன். புது டயர், நல்ல இன்ஜின்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாரு அண்ணாத்த," என்றான் பாலா.

நைனா பின்பக்கம் போய்ப் புல்லுக்கட்டை நிறுத்தினார். "சந்திரா, தள்ளு."

சரக்கு ஏற்றும் தொட்டியின் விளிம்பு அம்மாவின் நெஞ்சுக்கு வந்தது. கட்டு பாதியில் நின்றது. அம்மாவின் கை வயிற்றுக்குப் போனது.

"வுடு, வுடு," என்று நைனா கட்டை இழுத்துக்கொண்டார். "இது வாணாம்."

லோடு ஆட்டோவின் தொட்டி தாழ்வு. கட்டு சுலபமாகப் போனது. ஆனால் அதற்கு மூன்று சக்கரம். ஏரிக்கரை சரிவில் கவிழ்ந்துவிடும். மூன்று பேருக்கும் அது தெரியும். அம்மா கட்டை வெளியே இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்த மூலைல இன்னா கீது?" என்றார் நைனா.

"அத்த வுடு அண்ணாத்த. ஓடும், ஆனா பின்னாடி பாரம் தாங்கற பட்டையெல்லாம் தளந்து பூட்சி. குந்திகினு கீது பாரு."

நீல நிற மினி லாரி. பின்பக்கம் உண்மையிலேயே குந்தியிருந்தது. நைனா கட்டைச் சாய்த்தார், அடியில் இடது கையைக் கொடுத்தார். அம்மா தள்ளினாள். விளிம்பு அவள் இடுப்புக்குத்தான் வந்தது. கட்டு உள்ளே போய் விழுந்தது. மாட்டைத் தட்டுவதுபோல் அம்மா அதைத் தட்டினாள்.

"நோவுதா?"

"இல்ல."

"நெசமா?"

"நோவலன்றேன்ல. எல்லார் முன்னாடியும் இன்னா கேள்வி."

பாலாவுக்கு நல்ல மனசு. "சாயங்காலம் வாங்க, புதுப் பட்டை போட்டுத் தரேன்."

"போட்டா தொட்டி ஏறிடுமா?"

"நாலு வெரல் ஏறும்."

"அப்ப வாணாம். புல்லுக்கு இன்னா பாரம்."

பாலா என்னைப் பார்த்தான். "இன்னா மச்சான், நான் ரிப்பேர் பண்றேன்றேன், உங்க நைனா ரிப்பேரத்தான் கேக்கறாரு."

ஒரு மாதம் மைலேஜ் பார்த்தவன் நான். இவர் அவள் இடுப்பைப் பார்த்திருக்கிறார்.

இடதுபக்கக் கதவு சாத்தினால் நிற்காது, வெளியிலிருந்து சாவி போட்டுப் பூட்ட வேண்டும் என்றான் பாலா. அதையாவது சரி பண்ணச் சொன்னேன். கதவு வேலைக்கு நாளைக்குத்தான் ஆள் வருவான் என்றான். அம்மாவுக்கு நாளை வரை பொறுக்கவில்லை, மாடு கத்தும் என்றாள்.

நான் பின்னால் புல்லுக்கட்டின் மேல் ஏறிக்கொண்டேன். நைனா துண்டை மடித்துக் கிழிந்த சீட்டில் போட்டார். அம்மா ஏறும்வரை அவள் முதுகுக்குப் பின்னால் கையை வைத்திருந்தார், தொடாமல்.

"இந்தாய்யா, நான் எறங்கணும்னா?"

"நான் வந்து தொறக்கறேன்."

வெளியே தொங்கிய அவள் சேலை முந்தானையை எடுத்து உள்ளே வைத்தார். கதவைச் சாத்திப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார்.