எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு வாளி

தண்ணீர்த் தொட்டிதான் முதலில் காட்டிக்கொடுத்தது. அது சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

சாயங்காலம் வேலை முடிந்து வந்து குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும். அப்புறம் இரண்டு சொட்டு, வேண்டா வெறுப்பாக. காலையில் நிரம்பி வழிந்த தொட்டி, வீட்டில் தண்ணீர்ச் செலவே இல்லாத பகலில் எப்படிக் காலியாகும்? அந்த வீட்டு மருமகள் குழாய்க்காரரை வரவழைத்தாள். அவர் மிதவை போய்விட்டது என்று சொல்லிப் புதிது போட்டார். மறுபடியும் காலி. மறுபடியும் ஒரு மிதவை. கடைசியில் மாடிவீட்டுக்காரர் மேல் சந்தேகம் வந்து, படிக்கட்டில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது. பாவம் அந்த மனுஷன், தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே சிரித்துக்கொண்டிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கண்ணுகளா, தண்ணீரை அளப்பதுதான் அவள் தொழில்.

அவள் வேலை பார்த்த நிறுவனம் வெள்ளைக் கோட்டுகளை வாடகைக்கு விடுவது. மருத்துவமனைச் சமையல்கூடம், ஆய்வுக்கூடம், ரொட்டி ஆலை என்று எங்கெல்லாம் சுத்தமாக உடுத்தி வேலை செய்ய வேண்டுமோ அங்கெல்லாம் அவர்கள் கோட்டுதான் போகும். அழுக்கானதை வண்டி வந்து எடுத்துப் போகும். நிறுவனத்தின் சலவைக்கூடத்தில் துவைத்து, தேய்த்து, திரும்பக் கொண்டுவந்து அடுக்கும். ஓர் ஆள் ஒரு நாள் கோட்டுப் போட்டு வேலை செய்வதற்குப் பூமி எவ்வளவு கொடுக்கிறது என்று கணக்கிடுவது இவள் பொறுப்பு. எவ்வளவு கரி காற்றில் போனது, எவ்வளவு தண்ணீர் செலவானது, எவ்வளவு குப்பை மிஞ்சியது. மூன்றுக்கும் மூன்று எண்கள். தேய்க்கிற பெண்கள் அவளுக்கு ‘தராசு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். "தராசு வருது, இஸ்திரிப் பெட்டியைச் சும்மா சூடா வைக்காதீங்க" என்பார்கள். அவளுக்கு அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான்.

அவள் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. பருத்திக் காட்டில் ஆரம்பித்து, தறி, தையல், சலவை என்று போய், கிழிந்த துணியில் முடியும். எல்லாவற்றையும் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு உள்ளே நடப்பதெல்லாம் கணக்கில் சேரும். வெளியே நடப்பது சேராது. அந்தக் கோட்டை அவள்தான் வரைந்தாள். எங்கேயாவது ஓரிடத்தில் நிறுத்தித்தானே ஆக வேண்டும்.

போன வருஷம் அவளே ஒரு யோசனை சொன்னாள். அதுவரை ஒவ்வொரு கோட்டின் கழுத்துப் பட்டைக்குள்ளும் உடுத்துகிறவர் பெயர் தைத்திருக்கும். பெயர் உள்ளதால் ஒருவர் கோட்டை இன்னொருவர் தொடமாட்டார். பாதிக் கோட்டுகள் ஆணியில் தொங்கியபடி தூங்கும். பெயரைப் பிரித்து எடுத்துவிடுவோம், எல்லாக் கோட்டும் எல்லோருக்கும் பொது என்று ஆக்கிவிடுவோம், அப்போது குறைந்த கோட்டுகளே போதும், பருத்தியும் சாயமும் மிச்சம் என்றாள். நல்ல யோசனைதானே? மேலாளருக்கும் பிடித்துப்போயிற்று. பெயர்களைப் பிரித்தார்கள்.

எதிர்பார்த்தபடியே புதுக் கோட்டு தைப்பது குறைந்தது. எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. துவைக்க வருகிற கோட்டுகளும் குறைந்துவிட்டன. ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் ஒரு மின்னணுச் சில்லு உண்டு. சலவைக்கூடத்துக்குள் நுழையும்போது அது தானாகப் பதிவாகும். பெரிய மருத்துவமனைச் சமையல்கூடத்தில் வேலைக்கு வருகிறவர்கள் குறையவில்லை, அழுக்குக் கூடையில் விழும் கோட்டுகள் மட்டும் பாதியாகிவிட்டன. தண்ணீர் எண் மளமளவென்று இறங்கியது. ஏன் என்று அவள் யோசிக்காமலில்லை. அந்த வருஷம் மாற்றிய புதுத் துணி அழுக்கு பிடிக்காத துணி, அதனால்தான் என்று எழுதினாள். மனசுக்குப் பிடித்த காரணம் கிடைத்துவிட்டால் வேறு காரணம் தேட யாருக்குக் கால் வலிக்காது?

இனி ஒவ்வொரு கோட்டிலும் பச்சை இலைச் சீட்டு ஒன்று தைப்பதாக முடிவாயிற்று. இலைக்குக் கீழே அவளுடைய மூன்று எண்கள். மறுநாள் எல்லா வாடிக்கையாளர்கள் முன்னாலும் அதை வெளியிடப் போகிறார்கள். வருஷா வருஷம் நீட்டிக்கொண்டிருந்த அவள் வேலையும் அதோடு நிரந்தரம் என்று மேலாளர் வாயாலேயே சொல்லியிருந்தார்.

அன்று பார்த்து இலைச் சீட்டு மாதிரியை வீட்டில் மறந்துவிட்டாள். எடுத்துவர மதியம் ஓடினாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். திறந்தது அவள் நாத்தனார், புருஷனின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். அந்தப் பெரிய மருத்துவமனைச் சமையல்கூடத்தில்தான் அவளுக்குக் காலை வேலை. புடவையைத் தூக்கிச் செருகி, முழங்கை வரை நுரையோடு நின்றாள். அண்ணியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

குளியலறையிலிருந்து வெந்நீர் ஆவி புகையாக வந்துகொண்டிருந்தது. சுடுநீர்ப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. பெரிய வாளி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு வாளி, குழாய் திறந்தபடி. வாளியில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. இவள் குனிந்து ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். விரலுக்குச் சில்லு தட்டுப்பட்டது.

ஈரக் கோட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். செருப்பு நனைந்தது கூடத் தெரியவில்லை.

சின்னவள் குழாயை மூடினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"கூடையில போட்டா திரும்பி வராது, அண்ணி. போனது போனதுதான்."

வாளியில் கிடந்தவை மூன்று கோட்டுகள். ஒன்று சின்னவளுடையது, மற்ற இரண்டும் கூட வேலை செய்கிறவர்களுடையவை. அவர்கள் தங்கியிருக்கிற அறையில் தண்ணீர் வசதி இல்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். ஒருத்திக்கு இடக்கைப் பழக்கம். பையைப் பிரித்து மறுபக்கம் தைத்திருந்தாள். இன்னொருத்தி பால் கொடுக்கிறவள். மார்புப் பக்கம் யாருக்கும் தெரியாத ஒரு திறப்பு. இவ்வளவு வேலை செய்து வைத்த கோட்டைப் பொதுக் கூடையில் போட்டால், நாளைக்கு அது யார் உடம்பில் இருக்குமோ. அதனால் யாரும் போடுவதில்லை. சமையல்கூடத்தில் பாதிப் பேர் இப்படித்தான் வீட்டில் துவைக்கிறார்கள். எண்ணெய்க் கறை பச்சைத் தண்ணீருக்குப் போகாது. கொதிக்கிற தண்ணீர் வேண்டும், ஒரு வாளிக்கு நான்கு வாளி அலச வேண்டும்.

"உன் கோட்டுல என்ன செஞ்சிருக்க?" என்று கேட்டாள் இவள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

சின்னவள் கோட்டின் கையைக் காட்டினாள். முழங்கைக்கு மேலே நான்கு விரல் அளவு மடித்துத் தைத்திருந்தது. பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தன் மணிக்கட்டைத் திருப்பினாள். அங்கே பளபளவென்று ஒரு தழும்பு. சட்டி பட்டுவிட்டது என்று அவள் சொன்னதும், இவளே மருந்து போட்டுவிட்டதும் உண்டு. கவனமில்லாமல் வேலை பார்த்தால் இப்படித்தான் என்று திட்டியதும் உண்டு.

"சட்டி மேல தப்பு இல்ல, அண்ணி. பொதுக் கோட்டுல கை நீளம். அடுப்புல போய் மாட்டிக்கிச்சு."

இவள் வாளிக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொட்டி எங்கே காலியானது என்று தெரிந்தது. மின்சாரக் கட்டணம் மாதா மாதம் ஏன் ஏறியது என்று தெரிந்தது. ஊரெல்லாம் அளந்து இறக்கிய தண்ணீர், ஒரு சொட்டுக் கூடக் குறையாமல், தன் வீட்டுக் குளியலறையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் வெளியே. விளக்கைக் கையில் பிடித்தவளுக்குத்தான் காலடி இருட்டு.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க திட்டமாச்சே. வீட்டுக்கு வந்து எண்ணு இறங்குது, எண்ணு இறங்குதுன்னு அவ்வளவு சந்தோஷமா சொல்வீங்க. எந்த வாயால சொல்றது?" பிறகு, "தொட்டிக்காக மாடிவீட்டுக்காரரைப் பார்த்து நீங்க முகத்தைத் திருப்பிக்கிட்டப்பதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்றாள்.

நாளைக்கு எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று இவள் கேட்டாள். சின்னவள் பதறிப்போனாள். கோட்டை வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று சமையல்கூடச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. எங்கே துவைக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தப் பெண்கள் எல்லோருக்கும் வேலை போகும். சொன்னால் இவர்கள் பிழைப்பு, சொல்லாவிட்டால் பொய் இலை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, அன்று ராத்திரி அவள் சாப்பிட்டதும் தெரியாது, தூங்கியதும் தெரியாது.

மறுநாள் காலை கூடம் நிறைய ஆட்கள். விசேஷ நாள் என்பதால் நிறுவனத்து அதிகாரிகளும் வாடிக்கையாளர் அதிகாரிகளும் வெள்ளைக் கோட்டில் வந்திருந்தார்கள். மேலாளர் மேடையில் நின்றார். அவர் நல்ல உயரம். தேய்க்கிற பெண்கள் அவருக்குக் ‘கொக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இலையைப் பற்றி நன்றாகப் பேசினார். தராசைப் புகழ்ந்தார். எண்களை நீங்களே சொல்லுங்கள் என்று அவளை அழைத்தார்.

அவள் எழுந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, அவர் கோட்டின் கை கண்ணில் பட்டது. மணிக்கட்டு வரை கச்சிதமாக வந்திருந்தது. பொதுக் கோட்டுகளின் அளவு அவளுக்கு மனப்பாடம். அந்த உயரத்துக்கு அப்படிப் பொருந்துகிற கோட்டு பொதுவில் ஒன்றுகூடக் கிடையாது.

"சார், உங்க கழுத்துப் பட்டையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுறீங்களா?"

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி திருப்பினார். உள்ளே நீல நூலில் அவர் பெயரின் முதல் எழுத்து. முன்வரிசையில் யாரோ கிளுகிளுத்தார்கள்.

"எங்கம்மா தைச்சது" என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு. "பொதுக் கோட்டு எனக்கு முழங்கையோட நின்னுடுது. அதான் இதை மட்டும் தனியா வச்சிருக்கேன்."

"எங்க துவைக்கிறீங்க, சார்?"

"வீட்லதான். அம்மா..."

அவர் தன் கோட்டைப் பார்த்தார், திரையில் இருந்த பச்சை இலையைப் பார்த்தார், அப்புறம் தண்ணீர் எண்ணைப் பார்த்தார். பிறகு, கண்ணுகளா, முன்வரிசை அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தங்கள் கழுத்துப் பட்டையை இழுத்து மூடிக்கொண்டார்கள். ஆய்வுக்கூடத் தலைமையம்மா மட்டும் மூடவில்லை. தன் பட்டையைத் திருப்பி, உள்ளே தைத்திருந்த சின்னப் பூவைக் காட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் சமையல்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. "நான் எல்லைக்கோட்டைத் தப்பான இடத்துல வரைஞ்சுட்டேன். இந்த இலையைத் தைக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இலைச் சீட்டுகள் பெட்டியோடு மூலைக்குப் போயின. கழுத்துப் பட்டைகளில் மறுபடி பெயர் ஏறியது. அவரவர் அளவுக்குத் தைத்துக்கொள்ளவும் அனுமதி வந்தது. கோட்டு கூடுதலாகத் தேவைப்பட்டது, அழுக்குக் கூடைகள் மறுபடி நிரம்பின, தண்ணீர் எண்ணும் ஏறியது. அவள் அறிக்கையில் மட்டும் மிஞ்சிய இலை பச்சையிலிருந்து மஞ்சளானது. அவள் வேலை இன்னொரு வருஷத்துக்கு நீண்டது, அவ்வளவுதான். நிரந்தரத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. சுவரில் இருந்த படத்தில் சிவப்புக் கோட்டைத் தள்ளி வரைந்து, உள்ளே ஒரு வாளியையும் வரைந்து வைத்தாள்.

ஒரு வாரம் கழித்துக் குழாய்க்காரர் வந்தார். மூன்றாவது மிதவையோடு வரச் சொல்லி எப்போதோ சொல்லியிருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். அவர் மேலே ஏறித் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தார். விளிம்பு வரை தண்ணீர். சாயங்கால வெளிச்சம் அதில் ஆடியது.

"பார்த்தீங்களாம்மா" என்றார் மேலிருந்தே. "நான் போட்ட மிதவை. கொஞ்ச நாள் எடுத்துக்கிச்சு, ஆனா செட் ஆயிடுச்சு."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இவள் அவரை மறுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷம் அதில். பிறகு தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, இன்னொரு குவளையை எடுத்துக்கொண்டு மாடிவீட்டுக்காரர் கதவைத் தட்டப் போனாள்.